விழுந்தாலும் அணையாத டார்ச்: எதைப் பார்த்து வாங்குவது?

கேள்வி: இரவு வேலைக்கும் மலையேற்றத்துக்கும் சேர்த்து ஒரு டாக்டிகல் டார்ச் (போலீஸ், ராணுவ வேலைக்கான வகை) வாங்க வேண்டும். கைதவறி விழுந்தாலும், எங்காவது இடித்தாலும் ஒன்றும் ஆகக்கூடாது. எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

பதில்: உயரத்தில் ஏறி இறங்கிச் செய்யும் பராமரிப்பு வேலை என்னுடையது. பாதி வேலை இருட்டில்தான் நடக்கும். அதனால் டார்ச் விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்துகள் உண்டு. அதில் முதலாவது இது: விழுந்த டார்ச்சில் வெளிக்கூடு உடைவது அபூர்வம், உள்ளே ஏதாவது விட்டுப்போவதுதான் வழக்கம். அலுமினியக் கூடு இரண்டு கீறலோடு தப்பித்துவிடும். ஸ்பிரிங், சர்க்யூட் போர்டு, ஸ்விட்ச் இந்த மூன்றில் ஒன்றுதான் காலை வாரும். ஆனால் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கூட்டின் தடிமனைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

பழைய குண்டு பல்பு டார்ச்சில் இழை அறுந்துபோகும் என்ற பயம் இருந்தது. எல்இடியில் அறுந்துபோக இழையே கிடையாது. அப்படியானால் எல்இடி டார்ச் ஏன் விழுந்ததும் அணைகிறது? செல்லின் எடைதான் காரணம். இத்தகைய டார்ச்சில் போடும் 18650 என்ற ரீசார்ஜ் லித்தியம் செல் ஒன்று 45 முதல் 50 கிராம் வரை இருக்கும். 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் மணிக்கு ஏறக்குறைய 16 கிலோமீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். கான்கிரீட்டில் பட்டு 2 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், அந்தக் கணத்தில் அதன்மேல் வரும் விசை அதன் சொந்த எடையைப்போல் சுமார் 500 மடங்கு. 48 கிராம் செல் அந்த நேரத்தில் 24 கிலோ சுமைபோல முன்னால் இருப்பதை இடிக்கிறது. கூடு நின்றுவிட்டது, ஆனால் உள்ளே செல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டார்ச்சுக்குள் இருக்கும் சுத்தியல் அதுதான்.

அதனால் ஒரு டார்ச் கைக்கு வந்தால் நான் முதலில் பின்மூடியைக் கழற்றி ஸ்பிரிங்கைத்தான் பார்ப்பேன். கம்பி நல்ல கனமாக இருக்க வேண்டும். விரலால் அழுத்திவிட்டால் பக்கவாட்டில் சாயாமல் நேராக எழ வேண்டும். ஸ்பிரிங்கின் அடிவட்டம் போர்டோடு சேரும் இடத்தில் ஈயம் சுற்றிலும் சீராகப் படிந்திருக்க வேண்டும்; ஒரு பக்கம் மட்டும் பொட்டு வைத்ததுபோல் இருந்தால் அங்கேதான் ஒருநாள் பிய்யும். பிறகு தலைப்பக்கம் உள்ளே எட்டிப்பாருங்கள். பல டார்ச்சுகளில் அங்கே ஸ்பிரிங் இருக்காது, சின்னப் பித்தளைக் குமிழ் மட்டும் இருக்கும். தலைகுப்புற விழுந்தால் செல் நேராக அந்தக் குமிழில் மோதும், அடி மொத்தமும் சர்க்யூட் போர்டுக்குப் போகும். பின்பக்கமாக விழுந்தால் செல் பின் ஸ்பிரிங்கை நசுக்கிக்கொண்டு நகர, முன்னால் தொடர்பு விட்டுப்போகும். விளக்கு ஒரு கணம் அணையும், அல்லது வேறு வெளிச்ச நிலைக்குத் தாவும். இரண்டு பக்கமும் ஸ்பிரிங் இருந்தால் செல் எந்தப் பக்கம் ஓடினாலும் தொடர்பு விடாது, போர்டும் பிழைக்கும். அதிர்ச்சி தாங்கும் டார்ச் வேண்டும் என்பவர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், இதைப் பார்த்தால் போதும் என்பேன்.

சர்க்யூட் போர்டைக் கடையில் கழற்றிப் பார்க்க முடியாது. ஆனால் தயாரிப்பு விவரத்தில் 'பாட்டிங்' செய்தது என்று எழுதியிருந்தால் அது நல்ல அடையாளம். போர்டின்மேல் எபாக்சி போன்ற ஒரு கெட்டிப் பசையை ஊற்றி, அதிலிருக்கும் காயில், கெபாசிட்டர் எல்லாவற்றையும் அசையாமல் உறைய வைப்பதுதான் அது. காயில்தான் போர்டிலேயே கனமான உறுப்பு. பசை இல்லாவிட்டால் அடிபட்டதும் முதலில் கழன்றுவருவதும் அதுவாகத்தான் இருக்கும்.

கையில் வந்ததும் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள். பின்மூடியை நன்றாக இறுக்கி, மிக அதிக வெளிச்சத்தில் எரியவிட்டு, தலைப்பக்கத்தை உள்ளங்கையில் ஓங்கித் தட்டுங்கள். பிறகு பின்பக்கத்தைத் தட்டுங்கள். சுவரில் விழும் வெளிச்சத்திலிருந்து கண்ணை எடுக்காதீர்கள். ஒருமுறை சிமிட்டினாலும், நிலை மாறினாலும் தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளங்கை அடிக்கே சிமிட்டுவது பாறையில் விழுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். எரியாத நிலையில் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பதும் நல்லது. 'கடகட' என்று செல் ஆடினால் குழாய்க்கும் செல்லுக்கும் இடையே இடைவெளி அதிகம்.

அடுத்து, பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்கள். அமெரிக்காவில் 2009-ல் டார்ச்சுகளுக்கென்றே 'ஆன்சி எஃப்எல் 1' என்ற தரநிலை வந்தது. நல்ல பெயருள்ள நிறுவனங்கள் உலகம் முழுக்க இதன்படிதான் விவரம் தருகின்றன. அதில் சுத்தியல் படத்தின் பக்கத்தில் 1 மீ., 1.5 மீ., 2 மீ. என்று இருப்பதுதான் அதிர்ச்சி தாங்கும் அளவு. ஐந்து டார்ச்சுகளை எடுத்து, செல் போட்டு, ஒவ்வொன்றையும் அந்த உயரத்திலிருந்து கான்கிரீட்டில் ஆறு பக்கமாகத் திருப்பித் திருப்பி ஆறு முறை போட வேண்டும். விரிசல் இருக்கக்கூடாது, பிறகு எரிய வேண்டும். ஐந்தும் தேற வேண்டும். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: கேட்கப்படுவது விழுந்தபிறகு வேலை செய்கிறதா என்பதுதான். விழும் நேரத்தில் சிமிட்டாமல் எரிந்ததா என்பது வேறு கேள்வி. உள்ளங்கைச் சோதனையை வலியுறுத்துவது அதனால்தான். இடுப்பு உயரத்தில் பிடித்து நடப்பவருக்கு 1 மீட்டர் போதும். ஏணியிலோ பாறையிலோ நிற்பவர் 2 மீட்டருக்குக் குறைந்து எடுக்க வேண்டாம்.

'மில்-எஸ்டிடி-810 தேர்ச்சி' என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தால் அதை மட்டும் வைத்து மயங்காதீர்கள். அது அமெரிக்க ராணுவத்தின் சோதனை முறைகளின் தொகுப்பு. வெப்பம், தூசு, உப்புக்காற்று, அதிர்வு என்று பல முறைகள் அதில் இருக்கின்றன. அதிர்ச்சிக்கானது 516-ஆவது முறை. எந்த முறையில், எந்த உயரத்திலிருந்து என்று சொல்லாமல் 810 என்று மட்டும் சொல்வது வெறும் அலங்காரம். 'விமான அலுமினியம்' என்பதும் அப்படித்தான். பெரும்பாலும் 6061-டி6 என்ற கலவையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். நல்ல உலோகம்தான், சைக்கிள் சட்டத்துக்கும் அதையே பயன்படுத்துகிறார்கள். அதன்மேல் 'டைப் 3' கடின அனோடைசிங் (மின்வேதி முறையில் அலுமினியத்தின்மேல் உருவாக்கும் கெட்டியான ஆக்சைடு படலம்) இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண அனோடைசிங்கைவிடத் தடிமனான, கீறலை நன்றாகத் தாங்கும் பூச்சு அது. கண்ணாடி இழை கலந்த நைலான் கூடுகளையும் ஒதுக்கிவிடாதீர்கள். எடை குறைவு, விழுந்தால் துள்ளும், குளிரில் தொட்டால் கையில் சில்லிடாது. ஆனால் அதிக வெளிச்சத்தின் சூட்டை வெளியேற்றுவதில் உலோகத்துக்கு ஈடாகாது.

தலையை இழுத்தால் ஒளி குவியும், தள்ளினால் விரியும் 'ஜூம்' வகை கடினமான வேலைக்கு வேண்டவே வேண்டாம். நகரும் பாகம் இருந்தால் தண்ணீருக்கும் தூசுக்கும் வழி இருக்கிறது, அடிபட்டால் விட்டுக்கொடுக்கும் ஒரு பலவீனமான இடமும் இருக்கிறது. லென்ஸ் பதப்படுத்திய கண்ணாடியா பாலிகார்பனேட்டா என்பதில் பெரிய சண்டை தேவையில்லை. முன்னது கீறாது, பின்னது உடையாது. எதுவானாலும் முன்வளையம் லென்ஸைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், அப்போதுதான் முகம்குப்புற விழுந்தால் வளையம் அடியை வாங்கும். பின்பக்கப் பொத்தானுக்கும் இதே நியாயம்: சுற்றிலும் உயர்ந்த விளிம்பு இருந்தால் கல்முனை நேராக ரப்பரில் குத்தாது. வளையத்தில் கூரான பற்கள் மட்டும் எனக்குப் பிடிக்காது. பையைக் கிழிக்கும், விமானப் பாதுகாப்புச் சோதனையில் கேள்வி வரும்.

டாக்டிகல் என்ற பெயருக்கு உண்மையான பொருள் ஸ்விட்ச்சில்தான் இருக்கிறது. பாதி அழுத்தினால் எரிய வேண்டும், விட்டால் அணைய வேண்டும், முழுதாக அழுத்தினால் நிலையாக நிற்க வேண்டும். இதை 'ஃபார்வர்ட் கிளிக்' என்பார்கள். கையுறையோடு, பார்க்காமலே இயக்க முடிய வேண்டும். முதல் அழுத்தத்தில் எப்போதும் ஒரே வெளிச்சம் வர வேண்டும். மின்னும் ஸ்ட்ரோப் நிலை தனியாக எங்காவது ஒளிந்திருக்கட்டும். ஏணியில் நிற்கும்போது தெரியாமல் ஸ்ட்ரோப் வந்து கண்ணைப் பறித்தால் அதைவிட ஆபத்து வேறில்லை. மின்னணுப் பொத்தான் வைத்த டார்ச்சாக இருந்தால், பையில் தானாக எரியாமல் இருக்கப் பூட்டு வசதி இருக்கிறதா என்று பாருங்கள். மரையும் அனோடைஸ் செய்திருந்தால் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்தினாலே மின்சாரம் துண்டிக்கப்பட்டுவிடும். இது எளிமையான, நம்பகமான பூட்டு.

செல்லுக்கு வருவோம். அடிக்கடி பயன்படுத்துவதாக இருந்தால் 18650 அல்லது 21700, கழற்றி மாற்றக்கூடியதாக. இந்த எண்களே அளவுகள்தான்: 18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளம், மற்றது 21-க்கு 70. 18650-ல் நடைமுறைக் கொள்ளளவு (எவ்வளவு மின்சாரம் சேமிக்கும் என்ற அளவு) பெரும்பாலும் 3500 எம்ஏஎச் அளவில்தான் இருக்கும். 9900 என்று போட்ட செல் போலி, அதை டார்ச்சுக்குள்ளேயே விடாதீர்கள். பாதுகாப்புச் சர்க்யூட் சேர்த்த செல் சில மில்லிமீட்டர் நீளம் கூடும், சில டார்ச்சுகளில் நுழையாது, அதையும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். வண்டியிலோ அவசரப் பெட்டியிலோ மாதக்கணக்கில் கிடக்கப்போகும் டார்ச்சுக்கு, ரீசார்ஜ் செய்ய முடியாத லித்தியம் செல்களான சிஆர்123ஏ அல்லது லித்தியம் ஏஏ போடுவதே சரி. ஆல்கலைன் செல்லை நீண்ட நாள் உள்ளே விட்டால் கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும். எந்த அடியும் படாமலே டார்ச் போய்விடும். இரண்டு சிஆர்123ஏ கேட்கும் டார்ச்சில் பழையதையும் புதியதையும் ஒருபோதும் கலக்காதீர்கள். பலவீனமான செல் அளவுக்கு மீறி வற்றி, சூடாகி வெடிக்கவும் வாய்ப்புண்டு. யுஎஸ்பி-சி துளை வசதிதான், ஆனால் அதன் ரப்பர் மூடி தேயும். மூடி இல்லாமலே நீர் புகாத துளையா என்று விவரத்தில் பாருங்கள்.

நீர் பற்றிச் சுருக்கமாக, நீரும் தூசும் புகாமல் தடுக்கும் அளவைச் சொல்லும் 'ஐபி' குறியீட்டில்: ஐபிஎக்ஸ்4 என்றால் தெறிப்பு, ஐபிஎக்ஸ்7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம், ஐபிஎக்ஸ்8 என்றால் அதற்கும் மேல், தயாரிப்பாளர் சொல்லும் ஆழம்வரை. எக்ஸ் இருக்கும் இடம் தூசுக்கான எண்ணுக்குரியது. எக்ஸ் என்றால் தூசுக்கு மதிப்பீடு தரவில்லை என்று பொருள். மணல், சிமென்ட் தூசு உள்ள இடத்தில் வேலை என்றால் ஐபி68 தேடுங்கள்.

டார்ச் தரும் மொத்த வெளிச்சத்தின் அளவான லுமென் எண்ணைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. 2000, 3000 என்று போட்ட பல டார்ச்சுகள் சில நிமிடங்களில் சூடு தாங்காமல் தாமாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும். எஃப்எல் 1 தரநிலைப்படி எரியும் நேரம் என்பது வெளிச்சம் ஆரம்ப அளவில் 10 சதவீதத்துக்கு இறங்கும்வரை உள்ள நேரம், முழு வெளிச்சத்தில் எரியும் நேரம் அல்ல. அதனால் ஒரு மணி நேரம் தொடர்ந்து எத்தனை லுமென் தரும் என்று வரைபடத்தைத் தேடிப் பாருங்கள். 500 லுமெனை அசையாமல் தரும் டார்ச் என் வேலைக்குத் தாராளம். தூரம் வேண்டுமென்றால் ஒளிக்கற்றையின் செறிவைச் சொல்லும் கேண்டெலாவைப் பாருங்கள்: அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால் மீட்டரில் தூரம் வரும். 10,000 கேண்டெலா என்றால் 200 மீட்டர். அந்தத் தூரத்தில் பொருளின்மேல் விழும் வெளிச்சம் 0.25 லக்ஸ், ஏறக்குறைய முழுநிலா வெளிச்சம்தான், ஆகவே ஒன்றைத் தெளிவாகப் பார்த்து அடையாளம் காண அதில் பாதியை வைத்துக்கொள்ளுங்கள். தூரத்துக்காகப் பெரிய தலை வைத்த டார்ச் எடுத்தால், எடை முன்பக்கம் சேர்ந்து, விழும்போது பெரும்பாலும் தலையே முதலில் போய் இடிக்கும். தலையும் உடலும் ஏறக்குறைய ஒரே தடிமனில் இருக்கும் வகையை நான் விரும்புவதற்கு அதுவும் ஒரு காரணம்.

உங்கள் தேவைக்குச் சுருக்கிச் சொன்னால், இருபக்க ஸ்பிரிங் வைத்த, நகரும் தலை இல்லாத, 2 மீட்டர் எண் போட்ட, ஃபார்வர்ட் கிளிக் உள்ள ஒற்றை 18650 அல்லது 21700 டார்ச் ஒன்றைப் பிடியுங்கள். கைக்கயிறு மாட்டும் துளை இருந்தால் இன்னும் நல்லது. உயரத்தில் நிற்கும்போது டார்ச் உடைவதைவிடக் கீழே இருப்பவர் தலையில் விழுவதுதான் பெரிய கவலை. வாங்கியபிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை மரையைத் துணியால் துடைத்து, நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கில் கொஞ்சம் சிலிக்கான் கிரீஸ் தடவி, செல்லின் இரண்டு முனைகளையும் பாருங்கள். முனையில் பள்ளம் விழுந்திருந்தாலோ, பக்கவாட்டு உறை கிழிந்திருந்தாலோ அந்தச் செல்லை மாற்றிவிடுங்கள்.