இப்போது பைபர் எடுத்தால், புதுத் தொழில்நுட்பம் வரும்போது வயரை மாற்ற வேண்டுமா?

திருகோணமலை உவர்மலையில் வீடு, பைபர் (கண்ணாடி இழை இணைய இணைப்பு) இழுக்க யோசிக்கிறேன், நாலைந்து வருடத்தில் பழசாகிவிடுமா என்று கேட்டிருந்தீர்கள். ஆகாது. கண்ணாடி இழை அப்படியே இருக்கும். மாறுவது இரண்டு முனையிலும் உள்ள பெட்டிகள்தான்.

பைபரில் இணையம் அனுப்பப் பரவலாக உள்ள ஜிபொன் முறையில் ஓர் இழையில் நொடிக்கு வரும் 2.5 ஜிகாபிட்டைப் பல வீடுகள் பங்கிடுகின்றன. அடுத்த எக்ஸ்ஜிஎஸ்-பொன் 10 ஜிகாபிட். 50 ஜிகாபிட்டுக்கும் 2021இல் தரநிலை வந்துவிட்டது. ஒவ்வொன்றுக்கும் ஒளியின் வேறு அலைநீளம்: கீழிறக்கத்துக்கு ஜிபொன் 1490 நானோமீட்டர், எக்ஸ்ஜிஎஸ் 1577. அதனால் பழசும் புதுசும் ஒரே இழையில் இடிபடாமல் போகும்.

இழையே மாறுவதென்றால், அது உள்ளே வெறும் காற்றுள்ள குழல் இழை. கண்ணாடியில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர். காற்றில் 3 லட்சம். ஆனால் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குச் சுமார் 260 கிலோமீட்டர், கண்ணாடியிலேயே 1.3 மில்லிநொடிதான். வீட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. அது தரவு மையங்களுக்கும் பங்குச்சந்தைக்கும்தான் லாபம்.

சரி, உங்கள் வயருக்கு உண்மையான எதிரி குரங்கு. கம்பத்திலிருந்து வருவதைத் தொங்கவிடாமல் இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள்.