திருப்புளியின் முனை ஏன் உடைந்தது?

கேள்வி: கோத்தகிரியில் வீட்டுக் கொல்லையில் சிறு உலை அமைத்து இரும்பு வேலை பழகி வருகிறேன். பழைய ஸ்கூட்டர் ஸ்பிரிங்கை நீட்டி அடித்துச் செய்த திருப்புளியின் முனை முதல் திருகாணியிலேயே உடைந்தது. மரப்பிடியும் தனியே சுழல்கிறது. எங்கே தவறினேன்?

பதில்: நீலகிரிப் பழங்குடியினரான கோத்தர்கள் வழிவழியாக உலை ஊதிய மலையிலிருந்து இக்கேள்வி வந்ததில் மகிழ்ச்சி. சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்ததோடு நிறுத்திவிட்டீர்கள் என ஊகிக்கிறேன். அந்நிலையில் எஃகு கண்ணாடி போல் நொறுங்கும். காந்தம் ஒட்டாத சூட்டில், அதாவது சுமார் 770 பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே, தோய்த்த பின், உப்புத்தாளால் முனையைப் பளபளப்பாகத் தேய்த்துத் தண்டின் நடுப்பகுதியை மெல்லச் சூடேற்றினால், வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா என நிறங்கள் முனையை நோக்கி நகர்ந்து வரும். நீலம் முனையைத் தொட்டதும் தண்ணீரில் முக்குங்கள். மஞ்சளில் நிறுத்துவது தச்சர் உளிக்குப் பொருந்தும். திருப்புளியோ முறுக்கைத் தாங்க வேண்டியது.

பிடிக்குள் செல்லும் வாலை உருண்டையாக விட்டிருப்பீர்கள். அதைச் சதுரமாக, நுனி சிறுத்துவர அடித்து, தோய்ப்பதற்கு முன்பே காய்ச்சி, சிறு துளைக்குள் எரித்து இறக்கி இடம் செய்துகொள்ளுங்கள். பிடுங்கிய தேயிலைச் செடியின் அடிக்கட்டை பிடிக்கு ஏற்ற கெட்டி மரம்தான். ஆனால் மலை ஈரத்தில் அரைகுறையாக உலர்ந்ததைச் செதுக்கினால் பின்னர் சுருங்கி ஆடும். வாய்ப்பகுதியில் பித்தளைக் குழாய்த் துண்டைப் பூணாக இறுக்கிவிட்டால் பிளக்காது.