கொக்கிரகுளத்துக் கூட்டம் மட்டும் போதாது

கேள்வி: சாலைச் சாவுகளைக் குறைக்க எல்லாத் துறைகளும் சேர்ந்து மாநிலம் முழுவதற்கும் ஒரு திட்டம் போட வேண்டும் என்று எழுதுகிறீர்கள். ஹெல்மெட் போடாதவர்களையும் குடித்துவிட்டு ஓட்டுகிறவர்களையும் போலீஸ் பிடித்து அபராதம் போட்டால் போதாதா? கூட்டம் போட்டால் யார் உயிர் பிழைக்கும்?
– வாசகர், நாங்குநேரி

பதில்: போதாது. குடித்தவரைப் பிடிக்கத்தான் வேண்டும். ஹெல்மெட்டும் கட்டாயம் வேண்டும், பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்து. தாடைப் பட்டையை மாட்டாவிட்டால் மோதிய நொடியில் அது தலையை விட்டுக் கழன்று தனியே உருண்டுவிடும் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் உங்கள் ஊர்ப் பக்கம் நான்குவழிச் சாலையை நடந்து கடக்கிற ஒரு பெண்ணுக்கு இந்த அபராதங்களால் என்ன காப்பு?

ஊர் ஒரு பக்கம், வயலும் பஸ் நிறுத்தமும் எதிர்ப்பக்கம். ஒரு பக்கத் தார் மட்டும் 7 மீட்டர். ஓரத்தையும் சேர்த்தால் 8-க்கு மேல். புல்லுக்கட்டோடு நொடிக்கு ஒரு மீட்டர் நடந்தால் கடக்க 8 நொடி ஆகும். 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நொடிக்கு 25 மீட்டர் ஓடுகிறது. அந்த 8 நொடியில் 200 மீட்டர் வந்துவிடும். அப்படியானால் 200 மீட்டருக்கு அப்பால் வரும் வண்டி அவர் கண்ணில் பட்டாக வேண்டும். நடுத்திட்டில் ஆளுயரத்துக்கு அரளி வளர்ந்து நின்றால் எப்படிப் படும்? ராத்திரியில் ஓட்டுநர் நிலை இன்னும் மோசம். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறவர் ஆளைக் கண்டு பிரேக் போட்டு நிற்க 120 மீட்டர் வேண்டும் என்பது பொறியாளர்களின் கணக்கு. தாழ்த்திய ஹெட்லைட் காட்டுவதோ சுமார் 50 மீட்டர். குடிக்காத, ஒழுங்காக ஓட்டுகிற ஓட்டுநர்கூட அங்கே ஒரு உயிரை எடுத்துவிடலாம்.

இதைச் சரிசெய்ய எத்தனை கை வேண்டும், பாருங்கள். அரளியை வெட்ட வேண்டியது தேசிய நெடுஞ்சாலை ஆணையம். பஸ் நிறுத்தத்தை நடுத்திட்டின் திறப்பிலிருந்து, அதாவது கடக்கவும் திரும்பவும் விட்ட இடைவெளியிலிருந்து, தள்ளி வைக்கப் போக்குவரத்துக் கழகம் சம்மதிக்க வேண்டும். வேகத்தைப் பிடிக்கக் காவல்துறை. ஹைமாஸ் விளக்குக்கு மாதாமாதம் கரண்ட் பில் கட்டப்போவது யார் என்பதை முதலிலேயே எழுத்தில் வைக்காவிட்டால், திறப்பு விழா முடிந்த சில மாதத்தில் அது வெறும் கம்பம்தான்.

ஒரு துறை தனியே முடிவெடுத்தால் கேடு இடம் மாறுமே தவிர ஒழியாது. ஆபத்தான திறப்பு என்று நடுத்திட்டை அடைத்துவிடுகிறார்கள் என்று வையுங்கள். அடுத்துத் திரும்பும் இடம் 2 கிலோமீட்டர் தள்ளி இருந்தால், வயலுக்குப் போகிறவர் ராங் சைடில்தான் பைக்கை விடுவார். கொஞ்ச நாளில் கல்லைப் பெயர்த்து ஒரு வண்டி நுழைகிற அளவுக்குச் சந்தும் உண்டாகிவிடும். அந்தச் சந்துக்கு எச்சரிக்கைப் பலகையும் இராது, விளக்கும் இராது. சர்வீஸ் ரோடு முதலில், சுரங்கப்பாதை அடுத்து, அடைப்பது கடைசியில். இந்த வரிசை மாறக் கூடாது.

வேகத்தடையும் அப்படித்தான். ஊருக்குள் போடுகிற வளைந்த வேகத்தடை 3.7 மீட்டர் நீளத்தில், 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும் என்று அளவு உண்டு. விபத்து நடந்த மறுநாள் ஜனங்கள் மறியல் செய்ய, அவசரத்தில் ஒரு முழ அகலத்துக்குத் தாரைக் குவித்துவிட்டுப் போனால், வெள்ளைக் கோடும் இல்லாத அந்தத் திண்டில் பைக் தூக்கிப் போடும். பின்னால் ஒருக்களித்து உட்கார்ந்திருக்கிற பெண்தான் மல்லாந்து விழுவார்.

மாவட்டத்துக்குள்ளேயே பேசி முடிக்கலாமே என்பீர்கள். நெல்லை ஆட்சியர் அலுவலகம் இருக்கும் கொக்கிரகுளத்தில் ஆட்சியர் தலைமையில் மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழு இருக்கிறது, அது தேவைதான். ஆனால் கயத்தாறு தூத்துக்குடி மாவட்டம். ஆலங்குளம் 2019 முதல் தென்காசி மாவட்டம். இரண்டு இடத்திலும் பலத்த அடிபட்டவர் வந்து சேர்வது பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு. அடிபட்ட 30 நாளுக்குள் இறந்தால் அது சாலைச் சாவு என்பது கணக்கு. 12-ஆம் நாள் ஒருவர் இறக்கிறார் என்றால், அந்தத் தகவல் ஆஸ்பத்திரியிலிருந்து வேறு மாவட்டக் காவல் நிலையத்துக்குப் போய், காய வழக்கு, கவனக்குறைவால் சாவு விளைவிப்பதற்கான பாரதிய நியாய சன்ஹிதா 106-ஆம் பிரிவுக்கு மாற வேண்டும். தாள் நடுவழியில் நின்றுவிட்டால் அவர் ஏட்டில் காயம்பட்டவராகவே இருப்பார். விபத்து நடந்த இடத்தில் சாவே இல்லை என்று பொறியாளர் அடுத்த வேலைக்குப் போய்விடுவார்.

2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்க்காமல் முதல் 48 மணி நேரம் சிகிச்சை தருகிறார்கள். சிகிச்சைக்குப் பார்க்காத எல்லையைக் காரணம் தேடும்போது மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? 2022-இல் தமிழ்நாட்டுச் சாலைகளில் 17,884 பேர் இறந்ததாக மத்திய அரசின் கணக்கு சொல்கிறது. நாளொன்றுக்கு 49 பேர். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலமும் பல துறைகளையும் உட்காரவைத்து இப்படியொரு பாதுகாப்புத் திட்டம் தீட்ட வேண்டும் என்று 2005-இலேயே சட்டம் செய்தார்கள்.

இன்னொரு குறை. தேசிய நெடுஞ்சாலையில் 500 மீட்டருக்குள் 3 ஆண்டில் சாவோ பலத்த காயமோ நேர்ந்த 5 விபத்துகள், அல்லது 10 சாவுகள் இருந்தால்தான் அது கரும்புள்ளி. அத்தனை பேர் போகும் வரை ஏன் காத்திருக்க வேண்டும்? கங்கைகொண்டான் முதல் காவல்கிணறு வரை ஒரே மாதிரித் திறப்பு, ஒரே மாதிரி நிறுத்தம் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் ஒரே சமயத்தில் திருத்தலாம். அதற்குத்தான் மாநிலத் திட்டம். விபத்து விவரத்தைச் சம்பவ இடத்திலேயே செல்போனில் ஏற்றும் முறை வந்திருக்கிறது. ஸ்டேஷனுக்குத் திரும்பிவந்து ஏற்றினால் வரைபடத்தில் புள்ளி ஸ்டேஷன் வாசலில் விழும். பதிவதற்கு முன் இடக்குறியைச் சரிபார்ப்பது ஒரு நிமிட வேலை.

நீங்கள் செய்யக்கூடியதும் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்கும்போது 'எங்கள் ஊரில் விபத்து அதிகம்' என்று மட்டும் எழுதாதீர்கள். கிலோமீட்டர் கல் எண், எந்தப் பக்கத் தடம், பகலா இரவா, நடந்தவரா பைக்கா, விளக்கு எரிந்ததா, நிறுத்தம் திறப்பிலிருந்து எத்தனை அடி என்று எழுதுங்கள். சாலை ஆணையம், காவல்துறை, போக்குவரத்துக் கழகம், ஊராட்சி நான்கின் பெயரையும் ஒரே மனுவில் போட்டு, அடுத்த சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் வைக்கும்படி கேளுங்கள். கூட்டம் முடிந்ததும் நடவடிக்கைக் குறிப்பின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, எந்த வேலை யார் பொறுப்பில், எந்தத் தேதிக்குள் என்று அதில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதையே அடுத்த மனுவாக எழுதுங்கள்.