குடித்துவிட்டு வந்த பையனை டீமை விட்டு நீக்கலாமா? – கடிதம்

அண்ணனுக்கு வணக்கம்,

வியாசர்பாடியில் பசங்களுக்கு ஃபுட்பால் சொல்லிக்கொடுக்கிறேன். சம்பளத்துக்கு இல்லை. காலையில் கிரவுண்டு, அப்புறம் வேலைக்கு ஓட்டம். போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை செவன்ஸ் டோர்னமென்ட். எங்கள் டிஃபெண்டர், 19 வயசு, ராத்திரி போட்ட சரக்கின் வாடையோடு வந்து நின்றான். இறக்கவில்லை. மறுநாள் டீமை விட்டும் நீக்கிவிட்டேன். அவன் அம்மா வந்து அழுதார், நான் மசியவில்லை. ஆனால் அவன் கேட்டுவிட்டுப் போன கேள்வி மண்டையைக் குடைகிறது. "கப்பு ஜெயிச்சா பெரிய பிளேயருங்க ஷாம்பெயினை ஊத்திக்கினு ஆடுறாங்களே, அவங்கள யாருண்ணா தூக்குறது?"

அதனால்தான் உங்களைக் கேட்கிறேன். காசு வாங்கி ஆடுகிற தொழில்முறை ஆட்டக்காரர் யாராக இருந்தாலும், காண்ட்ராக்ட் முடிகிற வரை ஒரு சொட்டு குடிக்கக் கூடாது என்று சட்டமே போட்டால் என்ன? பசங்க அவர்களைப் பார்த்துத்தானே வளர்கிறார்கள். ராணுவத்தில் ஒழுங்கு இருக்கிற மாதிரி இங்கேயும் இருக்கட்டுமே. பெயர் போட வேண்டாம் அண்ணே, ஏரியாவில் தெரிந்துவிடும்.

ஒரு வாசகர், வியாசர்பாடி

அன்புள்ள தம்பி,

அவனை அன்றைக்கு இறக்காதது சரி. டீமை விட்டு நீக்கியது தப்பு. நீங்கள் கேட்கிற சட்டமும் எனக்கு உடன்பாடில்லை, ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமை. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம் ஆல்கஹால், எடையாகப் பார்த்தால் ஏறத்தாழ 60 கிராம் வரும். கல்லீரல் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் வரைதான் கரைக்கும், அதுவும் ஆளுக்கு ஆள் மாறும். ஆக ஒரு குவார்ட்டர் உடம்பை விட்டுப் போக ஆறு மணி நேரத்திலிருந்து எட்டரை மணி நேரம் வரை ஆகலாம். டாஸ்மாக் பத்து மணிக்கு மூடுவதற்குள் வாங்கி, பதினொன்றரைக்குக் குடித்து முடித்த பையன் காலை ஏழு மணி மேட்சுக்கு வந்தால், வாடை மட்டும் இல்லை, சரக்கே இன்னும் ரத்தத்தில் இருக்கலாம். மோர் குடித்தாலும் தலையில் தண்ணீர் ஊற்றினாலும் அந்தக் கணக்கு மாறாது. அந்த நிலையில் ஒருவன் டேக்கிளுக்குப் பாய்ந்தால் உடைவது எதிராளியின் முட்டியாகவும் இருக்கலாம். அதனால் வெளியே உட்கார வைத்தீர்கள், நல்லது, யார் கேட்டாலும் அதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஆட்டக்காரர் உடம்புக்குக் குடி என்ன செய்யும் என்பதிலும் எனக்குச் சந்தேகமே இல்லை. உடம்பில் இருக்கிற தண்ணீரை வெளியே தள்ளும், நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் அது சாதாரண விஷயமா? தூக்கத்தைக் கெடுக்கும், தூங்கின மாதிரி இருக்கும், உடம்பு தேறியிருக்காது. 2014-ல் ஆஸ்திரேலியாவில் ஒரு ஆய்வு செய்தார்கள், கடுமையான பயிற்சிக்கு அப்புறம் நிறைய மது கொடுத்துப் பார்த்ததில், புரதம் சேர்த்தே கொடுத்தும் தசை புதிதாகக் கட்டிக்கொள்கிற வேகம் 24 சதவீதம் குறைந்தது. ஆய்வில் இருந்தவர்கள் 8 பேர்தான், குடித்த அளவும் அதிகம், அதனால் ஒரு பீருக்கு இதே கணக்கு என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் நம்ம பசங்க குடிப்பதும் ஒரு பீரோடு நிற்பதில்லை, அது உங்களுக்கே தெரியும்.

குடித்தால் ஆட்டம் நன்றாக வரும் என்ற நம்பிக்கையும் பழசுதான். 1904 செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் ஜெயித்த தாமஸ் ஹிக்ஸுக்கு ஓடுகிற வழியிலேயே பிராந்தியும் ஸ்ட்ரிக்னைன் என்கிற விஷத்தையும் கொடுத்துத்தான் முடிக்க வைத்தார்கள். ஒலிம்பிக்கில் ஊக்கமருந்துக் குற்றத்துக்காக முதன்முதலில் நீக்கப்பட்டவர் என்ன எடுத்திருந்தார் என்று நினைக்கிறீர்கள்? பீர். 1968 மெக்சிகோவில் சுவீடனின் ஹான்ஸ் குன்னர் லில்யென்வால், துப்பாக்கி சுடும்போது கை நடுங்கக் கூடாது என்று இரண்டு பீர் குடித்ததாகச் சொன்னார், அவரோடு சேர்ந்து அவருடைய அணியின் வெண்கலமும் போனது. "ஒரு கட்டிங் போட்டா ஸ்ட்ரைக்கர் நேரா போவும்" என்று சொல்கிற ஆட்கள் நம்ம பக்கத்து கேரம் கிளப்புகளிலும் உண்டு. உலக சாம்பியன்களைக் கொடுத்த ஏரியா இது, வியாசர்பாடி இளவழகி 2008-ல் பட்டம் வாங்கியது பயிற்சியால்தான்.

சரி, இவ்வளவும் சொல்லிவிட்டு முழுத் தடை வேண்டாம் என்று ஏன் சொல்கிறேன்? உலக ஊக்கமருந்துத் தடுப்பு நிறுவனம், அதாவது வாடா, வில்வித்தை, கார் பந்தயம், விமான விளையாட்டு, மோட்டார் படகு ஆகிய நான்கில் போட்டி நேரத்தில் மதுவைத் தடை செய்து வைத்திருந்தது. அளவு லிட்டர் ரத்தத்துக்கு 0.10 கிராம். நம்ம ஊரில் வண்டி ஓட்டுகிறவருக்கு இருக்கிற வரம்பில் மூன்றில் ஒரு பங்குதான் அது, அவ்வளவு கறார். 2018 ஜனவரியில் அதைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டார்கள், அந்தந்த விளையாட்டுச் சம்மேளனமே பார்த்துக்கொள்ளட்டும் என்று. கவனியுங்கள், அந்தத் தடை இருந்த காலத்திலேயே அது போட்டி நேரத்துக்கு மட்டும்தான். நீங்கள் சொன்ன ராணுவத்திலும் அப்படித்தானே? அங்கே கேன்டீனில் ரம் கிடைக்கும், டியூட்டியில் குடித்தால்தான் தோலை உரிப்பார்கள். ஆட்ட நேரம், பயிற்சி நேரம், முகாம், அதற்கு முந்தின நாள் ராத்திரி: இதிலெல்லாம் எவ்வளவு கடுமையான விதி போட்டாலும் நான் ஆதரிப்பேன். சீசன் முடிந்து தங்கச்சி கல்யாணத்தில் ஒரு 28 வயது ஆள் ஒரு பீர் குடித்தால் அதைக் கிளப் போய் மோப்பம் பிடிக்க வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. அந்தச் சட்டம் வந்தால் யார் மாட்டுவார் என்று யோசித்துப் பாருங்கள். கோடியில் சம்பளம் வாங்குகிறவருக்கு ஏஜென்ட், வக்கீல், மேனேஜர், ரூமுக்கே வருகிற பாட்டில் எல்லாம் இருக்கும். அவரை நீக்கினால் டிக்கெட் விற்காது, டிவிக்காரன் கத்துவான், ஆகவே ஒரு அபராதத்தோடு முடியும். மாட்டுவது ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ரயில்வே வேலை கிடைக்கும் என்று ஓடிக்கொண்டிருக்கிற கண்ணதாசன் நகர்ப் பையன். அவனைத் தெருமுனையில் நின்று யாராவது போனில் படம் எடுத்து அனுப்பினால் போதும், வேலை, கனவு, குடும்பத்துக்கு வர இருந்த மாதச் சம்பளம் எல்லாம் ஒரே நாளில் போய்விடும். ஏற்கெனவே நம்ம ஏரியாப் பெயரைச் சொன்னாலே ஒரு மாதிரி பார்க்கிறார்கள். "நார்த் மெட்ராஸ் பையனா, குடிப்பானே" என்று செலக்ஷனுக்கு முன்பே முடிவு கட்டுகிறவர்கள் கையில் இப்படி ஒரு சட்டத்தைக் கொடுக்கச் சொல்கிறீர்களா?

பாரிஸ் ஒலிம்பிக்குக்கு முன்னால் 2024 ஜூலையில் ஜப்பானின் ஜிம்னாஸ்டிக்ஸ் கேப்டன் ஷோகோ மியாதாவை முகாமிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். வயது 19. சிகரெட் பிடித்தார், மது குடித்தார், அங்கே அதற்கு 20 வயது ஆக வேண்டும். விதியை மீறினார், உண்மைதான். எதிர்பார்ப்பின் அழுத்தம் தாங்காமல் செய்தது என்று அவர் பக்கம் சொன்னார்கள். சின்ன வயசிலிருந்து உழைத்து ஒலிம்பிக் வாசல் வரை வந்த பெண்ணுக்கு இதைவிடக் குறைந்த தண்டனையே இல்லையா என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. அந்த அணி நான்கு பேரோடு போய் ஆடியது, மற்றபடி யாருக்கு என்ன நல்லது நடந்தது?

இன்னொரு பக்கம் டோனி ஆடம்ஸைப் பாருங்கள். இங்கிலாந்தின் ஆர்சனல் ஃபுட்பால் கிளப்புக்குக் கேப்டன். 1990-ல் குடித்துவிட்டுக் கார் ஓட்டி ஜெயிலுக்கே போனவர். கிளப் அவரைக் கைவிடவில்லை. 1996-ல் தான் குடிநோயாளி என்று வெளிப்படையாகச் சொன்னார், அதே சமயத்தில் வந்த புது மேனேஜர் ஆர்சன் வெங்கர் சாப்பாட்டிலிருந்து குடிவரை கிளப்பின் பழக்கத்தையே மாற்றினார். குடியை விட்ட ஆடம்ஸ் 1998-லும் 2002-லும் கேப்டனாக லீகும் கோப்பையும் சேர்த்து வாங்கிக் கொடுத்தார், நடுவில் 2000-ல் தன்னைப் போன்ற ஆட்டக்காரர்களுக்காக ஒரு சிகிச்சை மையத்தையும் தொடங்கினார். முதல் தப்புக்கே தூக்கி எறிந்திருந்தால் இதில் எதுவுமே இல்லை. ராயபுரம், காசிமேடு பக்கம் பழைய பாக்ஸிங் ஆட்களிடம் பேசிப் பாருங்கள் தம்பி, எவ்வளவு நல்ல கையெல்லாம் சாராயத்தில் போனது என்று சொல்வார்கள். ரிங்கை விட்டு அனுப்புவதற்கு அங்கே ஆள் இருந்தது, திரும்பக் கூப்பிட ஆள் இல்லை.

அந்தப் பையன் கேட்ட கேள்விக்கு வருகிறேன், அது நல்ல கேள்வி, பதில் சொல்லியே ஆக வேண்டும். அவன் பார்க்கிற டிவியில் மதுவுக்கு நேரடி விளம்பரம் கூடாது என்று விதி இருக்கிறது, அதனால் அதே பெயரில் சோடா வருகிறது, தண்ணீர் வருகிறது. பெங்களூரு ஐபிஎல் அணிக்கு ஒரு விஸ்கியின் பெயரைத்தான் வைத்தார்கள். 2021-ல் நம்ம சிஎஸ்கே மஞ்சள் சட்டையிலேயே எஸ்என்ஜே 10000 என்று இருந்தது, சென்னைச் சாராய ஆலையின் பெயர்தான். ஆட்டக்காரர் வீட்டுக்குள் குடித்தால் நம்ம பசங்களுக்குத் தெரியவே போவதில்லை. அவர் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு வருகிறதே அந்தப் பெயர், அதைத்தான் ஒவ்வொரு மேட்சும் மணிக்கணக்காகப் பார்க்கிறார்கள். தடை போட வேண்டும் என்றால் அங்கே போடச் சொல்லுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். கிரிக்கெட்டில் ஹாஷிம் அம்லா, மது கூடாது என்கிற தன் மார்க்கத்துக்காக, பீர் கம்பெனி முத்திரை இல்லாத சட்டையைப் போட்டுத்தான் தென்னாப்பிரிக்காவுக்கு ஆடினார், ரன்னுக்கு என்ன குறை வந்தது?

ஷாம்பெயின் பற்றியும் அவனிடம் சொல்லுங்கள். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பையை இங்கிலாந்து ஜெயித்தபோது ஷாம்பெயின் பீய்ச்சுவதற்கு முன்னால், மதுவைத் தொடாத முஸ்லிம்களான மொயின் அலியும் அடில் ரஷீதும் மேடையிலிருந்து விலகிப் போனார்கள். 2022 ஜனவரியில் ஆஸ்திரேலியா ஆஷஸ் கிரிக்கெட் தொடரை ஜெயித்தபோது, அதே காரணத்துக்காக உஸ்மான் கவாஜா விலகி நிற்பதைப் பார்த்த கேப்டன் பேட் கம்மின்ஸ், பாட்டிலை ஓரம் வைக்கச் சொல்லி அவரையும் கூப்பிட்டுக்கொண்டார். எந்தச் சட்டமும் சொல்லவில்லை, ஒரு கேப்டன் சொன்னார், கேட்டார்கள். உங்கள் டீமில் அந்த இடம் உங்களுடையது.

இப்போது செய்ய வேண்டியது. அவனைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள். உடனே மேட்சில் இறக்க வேண்டாம், பிராக்டிஸுக்கு வரச் சொல்லுங்கள், ஒழுங்காக வந்தால் அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லுங்கள். அவனுக்கு வயது 19, தமிழ்நாட்டில் 21 ஆகாதவருக்கு மது விற்கவே கூடாது, ஆகவே அவன் விஷயத்தில் குடிக்கலாமா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை, எந்தக் கடை கொடுத்தது, யார் வாங்கிக் கொடுத்தார் என்றுதான் கேட்க வேண்டும். அது ஒருநாள் கூத்தா, தினசரிப் பழக்கமா என்று அவன் அம்மாவிடமே கேளுங்கள், அவருக்குத் தெரியும். தினமும் என்றால், காலையில் கை நடுங்குகிறது என்றால், "இன்னையோட நிறுத்து" என்று சத்தியம் வாங்காதீர்கள். முற்றிய பழக்கத்தைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம், டாக்டர் பார்த்துக் கொடுக்கிற மாத்திரையோடுதான் விட வேண்டும். ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, காசு கேட்க மாட்டார்கள், நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், பாதி நாள் வேலை போனாலும் பரவாயில்லை. போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவுகிற 14446 என்ற இலவச எண்ணிலும் பேசலாம்.

கடைசியாக ஒன்று, இது உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். நம்ம பக்கம் ஞாயிற்றுக்கிழமை கப்பு ஜெயித்தால் சாயங்காலம் பசங்களுக்கு 'ட்ரீட்' வைப்பது யார்? பழைய பிளேயர் அண்ணன்கள், டோர்னமென்ட் நடத்துகிறவர்கள், பரிசுக்குப் பணம் கொடுத்த ஏரியாப் பெரியவர்கள். பிரியாணியோடு பாட்டிலும் வரும், முதல் கிளாஸைப் பதினாறு வயசுப் பையனுக்கு ஊற்றிக் கொடுப்பவர் அவன் பெரிதாக மதிக்கிற ஒரு அண்ணனாகத்தான் இருப்பார். விதி எழுதினால் பசங்களுக்கு மட்டும் எழுதாதீர்கள். கிரவுண்டில் மேட்ச் நாளில், முந்தின ராத்திரியில், பரிசளிப்பில், ட்ரீட்டில் கோச்சு, கமிட்டி, ஸ்பான்சர் யாரும் சரக்கோடு வரக் கூடாது என்று எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்குங்கள், முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்கட்டும். கமிட்டிக்காரர்கள் முகம் சுளித்தால் சொல்லுங்கள், அவர்களிடம் நானே வந்து பேசுகிறேன்.