சைக்கிளும் குதிரையும் போகும் காட்டுப் பாதையில் ஒரு நாள் நடைப்பயணம்: எப்படித் திட்டமிடுவது?

கேள்வி இதுதானே: நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், குதிரையில் வருபவர்கள் எல்லோருக்கும் பொதுவான காட்டுப் பாதை. காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். எதையெல்லாம் முன்கூட்டியே யோசிப்பது, பையில் என்ன வைப்பது?

பெரும்பாலானோர் பையில்தான் ஆரம்பிக்கிறார்கள். என்னைக் கேட்டால் அது கடைசி வேலை. எத்தனை மணிக்குக் கிளம்புவது, எந்தப் பக்கமாகச் சுற்றுவது, எத்தனை மணி ஆனால் திரும்பிவிடுவது, இந்த மூன்றையும் முடிவு செய்துவிட்டால் பையில் என்ன வேண்டும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் நேரம். வரைபடத்தில் 14 கிலோமீட்டர் என்று பார்த்ததும், மூன்று மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று தோன்றும். அதில் ஏற்றம் கணக்கில் வரவில்லை. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேற்றக்காரர் 1892-இல் சொன்ன ஒரு கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. கிலோமீட்டரில் சொன்னால், 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி நேரம். அந்த 14 கிலோமீட்டரில் 450 மீட்டர் ஏற்றம் இருந்தால், தூரத்துக்கு 2 மணி 48 நிமிடம், ஏற்றத்துக்கு 45 நிமிடம், ஆக மூன்றரை மணிக்குக் கொஞ்சம் மேல். இது நடந்து பழகியவர் எங்கும் நிற்காமல் போனால். வேர் இடறும் பாதை, சாப்பாடு, போட்டோ, வழிவிட ஒதுங்கி நிற்பது எல்லாம் சேர்த்து நான் ஐந்து மணி நேரம் என்றே வைத்துக்கொள்வேன். ஏற்றம் என்றால் மொத்த ஏற்றம், அதைக் கவனியுங்கள். நடுவில் இறங்கி மறுபடி ஏறுவதையும் கூட்ட வேண்டும்.

அந்த ஐந்து மணி நேரத்தைச் சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கிக் கழித்து, இரண்டு மணி நேரம் கையிருப்பும் விட்டால், எத்தனை மணிக்குள் கிளம்பியாக வேண்டும் என்பது தெரிந்துவிடும். அடர்ந்த மரங்களுக்குக் கீழே வெளிச்சம் முன்னதாகவே மங்கிவிடும் என்பதால்தான் இந்தக் கையிருப்பு. கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவே விரல்களை எண்ணி, விரலுக்குக் கால் மணி நேரம் என்று கணக்குப் போடும் வித்தை ஒன்று உண்டு. அடிவானமே தெரியாத காட்டுக்குள் அதனால் பயன் இல்லை. போன வழியே திரும்புவதாக இருந்தால், திரும்பும் நேரம் ஒன்றைக் குறித்துக்கொண்டு, இலக்கு கூப்பிடு தூரத்தில் இருந்தாலும் அந்த நேரம் வந்ததும் திரும்பிவிடுங்கள். குழுவாகப் போனால் இதைக் கிளம்பும்போதே எல்லோரிடமும் சொல்லி வையுங்கள், அப்புறம் மேலே நின்று விவாதம் வராது.

அடுத்தது எந்தப் பக்கம் சுற்றுவது. சில இடங்களில் சைக்கிள்கள் ஒரே திசையில்தான் போக வேண்டும், நடப்பவர்கள் எதிர்த்திசையில் வர வேண்டும் என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருப்பார்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும் சைக்கிள்கள் எதிரில் வரும்படி நடப்பதுதான் எனக்குப் பிடிக்கும். முதுகுக்குப் பின்னால் வேகமாக இறங்கும் சைக்கிளை, ஈரமான இலைச்சருகின் மேல் வந்தால், பத்தடி நெருங்கும் வரை காதால் கண்டுபிடிக்க முடியாது. எதிரில் வருபவரைக் கண்ணால் பார்த்துவிடலாம். பின்னால் வருவதன் அந்தக் கொஞ்சச் சத்தமாவது காதில் விழ வேண்டும், அதனால் இயர்போன் வேண்டவே வேண்டாம். கூட்டம் பிடிக்காதென்றால் வார நாளில், அதுவும் காலையிலேயே போங்கள்.

யார் யாருக்கு வழிவிட வேண்டும் என்பதற்குப் பல நாடுகளில் ஒரே விதிதான்: சைக்கிள் எல்லோருக்கும் வழிவிட வேண்டும், நடப்பவர் குதிரைக்கு வழிவிட வேண்டும். பாதை தொடங்கும் இடத்தில் முக்கோணப் படம் போட்டு வைத்திருப்பார்கள். ஆனால் மூச்சு வாங்க ஏற்றத்தில் மிதித்து வருபவரை நிறுத்தி உரிமையை நிலைநாட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. சரிவில் நின்றுவிட்டால் மறுபடி மிதித்துக் கிளம்புவது பெரும்பாடு. நான் ஒதுங்கிவிடுவேன். ஒதுங்கும்போது இடமா வலமா என்று தடுமாறாமல், ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து அங்கேயே நில்லுங்கள். குழுவாக இருந்தால் எல்லோரும் ஒரே பக்கம். "பின்னால் எத்தனை பேர்?" என்று கேட்டால் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்காமல் உடனே பாதைக்குள் கால் வைத்தால், இரண்டாவது சைக்கிள் அப்போதுதான் வளைவில் திரும்பும்.

குதிரை விஷயம் வேறு. அதற்கு இயல்பிலேயே பயம் அதிகம். முதுகில் பெரிய பையோடு மரத்துக்குப் பின்னால் அசையாமல் நிற்கும் உருவத்தை அது மனிதன் என்று எடுத்துக்கொள்ளாது. அதன் கண்ணில் படும்படி, முடிந்தால் சரிவின் கீழ்ப்பக்கமாக ஒதுங்கி நின்று, சாதாரணக் குரலில் குதிரைக்காரரிடம் ஏதாவது பேசுங்கள். குரல் கேட்டதும் அது மனிதன்தான் என்று புரிந்துகொள்ளும். காதைப் பின்னால் மடித்திருந்தால் இன்னும் விலகிவிடுங்கள். கடந்து போகும் வரை குடையை விரிப்பது, பையை உதறுவது எதுவும் வேண்டாம். நாய் கூட வந்தால் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள்.

மழை பெய்து ஓய்ந்த மறுநாள் கிளம்பலாமா என்றால், வேறு நாள் பாருங்கள் என்பேன். சக்கரமும் குளம்பும் உழுத பாதையில் சேறு கணுக்கால் வரை ஏறும். போய்த்தான் ஆக வேண்டுமென்றால் சேற்றின் நடுவிலேயே நடங்கள். ஓரமாகச் சுற்றி நடக்க நடக்கப் பாதை அகலமாகி, பக்கத்துச் செடிகள் மிதிபட்டு அழிகின்றன.

இப்போது பை. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் வீதம், அதாவது ஐந்து மணி நேரத்துக்கு இரண்டரை லிட்டர். வெயில் என்றால் இன்னும் அதிகம். பகல் நடைதானே என்று நினைக்காமல் தலையில் மாட்டும் டார்ச், மழைச்சட்டை, ஒரு விசில். மலைப்பகுதிகளில் ஆபத்து என்று தெரிவிக்க நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஊதுவது வழக்கம். வட அமெரிக்காவில் மூன்று முறை. வரைபடத்தை முன்னாலேயே போனில் இறக்கி வைத்துவிட்டு ஏரோபிளேன் மோடில் போடுங்கள். சிக்னல் தேடித் தேடித்தான் காட்டுக்குள் பேட்டரி தீருகிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் நெட்வொர்க் இல்லாமலும் வேலை செய்யும். எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

புல்லும் புதரும் உரசும் பாதை என்றால் உண்ணிகள் இருக்கலாம். வெளிர் நிற முழுக்கால்சட்டை போட்டு, அதன் நுனியைச் சாக்ஸுக்குள் செருகிக்கொள்ளுங்கள். திரும்பியதும் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள், காதுக்குப் பின்புறம், தலைமுடி எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் முனை கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுங்கள். தீக்குச்சியால் சுடுவது, எண்ணெய் தடவுவது எல்லாம் கூடாது. அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தோலில் தடிப்போ வந்தால், உண்ணி கடித்த விஷயத்தையும் மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லுங்கள்.