மொட்டை மாடிக்கு வெள்ளையடித்தால் சோலார் மின்சாரம் கூடுமா?

கேள்வி: எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சிவப்புத் தட்டோடு பதித்திருக்கிறோம். அதன்மேல் இருபக்கமும் மின்சாரம் தரும் பைஃபேஷியல் சோலார் பேனல்களை அமைக்க எண்ணியுள்ளோம். தரைக்கு வெள்ளையடித்துவிட்டால் 30 சதவீதம் கூடுதல் மின்சாரம் கிடைக்கும் என்று விற்பனையாளர் சொல்கிறார். நம்பலாமா?
- வாசகர், அருப்புக்கோட்டை

பதில்: மின்சாரம் கூடும் என்பது உண்மை. ஆனால் 30 சதவீதத்தை நம்பிப் பணம் போடாதீர்கள்.

பேனலின் பின்புறத்துக்கு வரும் வெளிச்சத்தில் பெரும்பகுதி தரையில் பட்டுத் திரும்புவதுதான். புதிய தார்ச்சாலை தன்மேல் விழும் ஒளியில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் திருப்புவதில்லை. புல்தரையும் பழைய சிமென்ட் தளமும் ஏறத்தாழ 20 முதல் 30 சதவீதம் வரை திருப்புகின்றன; நல்ல வெள்ளைப் பூச்சு 60 சதவீதத்துக்கு மேலும், புதிதாகப் பெய்த பனி 80 சதவீதத்துக்கு மேலும் திருப்பும். இதில் நம் கண்ணை மட்டும் நம்பிவிடக் கூடாது. கண்ணுக்கு இருண்டு தெரியும் பச்சைப் புல், நமக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களைத் தாராளமாகத் திருப்புகிறது. பேனலில் மின்சாரம் உண்டாக்கும் பொருளான சிலிக்கான் அவற்றிலும் ஒரு பகுதியை மின்சாரமாக மாற்றிக்கொள்ளும்.

பேனலோடு வரும் விவரத்தாளைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் 5, 10, 15, 20, 25 சதவீதம் என்று ஒரு பட்டியல் இருக்கும். பின்புறத்தால் இத்தனை சதவீதம் கூடினால் மொத்தம் இத்தனை வாட் என்று காட்டும் கணக்கே அது. உங்கள் மாடியில் அவ்வளவு கிடைக்கும் என்ற உறுதிமொழி அன்று. பன்னாட்டுத் தர நிர்ணய முறையில், முன்புறம் சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளி விழும்போது பின்புறத்துக்கு 135 வாட் என்றே கணக்கிடுகிறார்கள். பின்புறத்தின் திறன் முன்புறத்தில் 80 சதவீதம் எனக் கொண்டால், 540 வாட் பேனல் ஏறக்குறைய 600 வாட் தரும், அதாவது 11 சதவீதம் கூடுதல். சாதாரணத் தரையில் 5 முதல் 10 சதவீதம் வரை எதிர்பார்ப்பதே நியாயம். வெள்ளைத் தரையில் அதைத் தாண்டலாம்.

ஆனால் வெள்ளையடிக்கும் முன் உயரத்தைத் தீர்மானியுங்கள். தரையை ஒட்டிப் பேனலைப் பொருத்தினால் அதன் நிழலே அடியில் உள்ள தரையை மூடிவிடும். வெயில் படாத தரை எவ்வளவு வெண்மையாக இருந்தும் பயனில்லை. குறைந்தது 1 மீட்டர் உயரமும் வரிசைகளுக்கிடையே போதிய இடைவெளியும் இருந்தால்தான் சுற்றியுள்ள வெயில் தரையிலிருந்து ஒளி பின்புறத்தை எட்டும். ஆகவே பேனலுக்கு நேர் அடியை மட்டும் வெள்ளையடித்து நிறுத்திவிடாமல், சுற்றிலும் வெயில் விழும் பரப்புக்கும் கைப்பிடிச் சுவரின் உட்புறத்துக்கும் அடியுங்கள். உயரம் கூடினால் காற்றின் வேகம் பேனலைத் தாங்கும் ஸ்ட்ரக்சரைக் கூடுதலாக இழுக்கும் என்பதால், கால்களின் பிடிமானத்தைப் பொறியாளர் ஒருவரிடம் காட்டிச் சரிபார்ப்பது அவசியம். பேனலைத் தாங்கும் கம்பிகள் மின்சாரம் தரும் சோலார் செல்களின் பின்னால் குறுக்கே ஓடாமல் ஓரங்களில் அமையும்படியும் கேளுங்கள்.

சுண்ணாம்பு ஐப்பசி மழைக்கே கரைந்துவிடும். கூலிங் டைல்ஸோ வெப்பம் குறைக்கும் வெள்ளைப் பெயின்டோ நெடுநாள் நிற்கும். மழைக்காலம் முடிந்ததும் பாசியைத் தேய்த்துக் கழுவிவிட்டால், அடுத்து வரும் வெயில் மாதங்களின் ஒளி முழுமையாகப் பயன்படும்.