வாசகர் கேள்வி: பட்டறைக்கு ஒரு ஞாயிறு ஓய்வு

கேள்வி: வீட்டுக் கொல்லைப்புறத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடியில் மரவேலைக்காக ஒரு பட்டறை கட்டி வருகிறேன். வாரத்தில் ஆறு நாள் அலுவலகம் இருப்பதால் ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் நம்பியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துத் தளத்துக்குக் கான்கிரீட் போட்டு முடித்தோம். ஞாயிறன்று இரும்புக் கம்பங்களை நிறுத்தலாம் என்று நினைத்திருந்தால், கொத்தனார் ‘ஒரு வாரத்துக்குத் தளத்தில் கை வைக்காதீர்கள் சார்’ என்கிறார். ஒரு ஞாயிறு வீணாகிறதே?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: கொத்தனார் சொல்வதைத் தட்டாதீர்கள். கான்கிரீட் காய்ந்துதான் இறுகுகிறது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது; ஈரம் வற்றிப்போனால் அந்த வினை பாதியிலேயே நின்றுவிடும். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 456, சாதாரண போர்ட்லாண்ட் சிமென்டில் போட்ட கான்கிரீட்டைக் குறைந்தது 7 நாட்களும், வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில் 10 நாட்களும் ஈரம் மாறாமல் வைத்திருக்கச் சொல்கிறது. எரிசாம்பல் கலந்த பி.பி.சி. (போர்ட்லாண்ட் பொசோலானா சிமென்ட்) மூட்டை வாங்கியிருந்தாலும் அந்தப் பத்து நாள் கணக்குதான். உங்கள் ஊர் வெயிலுக்கு நானாக இருந்தால் பத்தே வைத்துக்கொள்வேன்.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தளம் போட்டுவிட்டு, மூன்றாம் நாளே தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டேன். அடுத்த கோடையில் கூட்டக் கூட்டத் தளத்திலிருந்து சாம்பல் நிறத்தில் மாவு கிளம்பிக்கொண்டே இருந்தது. துடைப்பம் தேய்ந்ததே தவிர, மாவு நின்றபாடில்லை.

ஆகவே ஞாயிறன்று உங்களுக்கு இருப்பது ஒரே வேலைதான். தளத்தின் ஓரங்களில் களிமண்ணால் வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். முட்டை பொரித்துக் கொசு பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் இடையில் ஓரிரு முறை தண்ணீரை வடித்து மாற்ற வேண்டும். அந்தத் தொல்லை வேண்டாமென்றால் நனைந்த சாக்குகளை விரித்து, அவை உலராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு நாற்காலியை நிழலில் போட்டுத் தேநீரோடு உட்காருங்கள். உட்கார்ந்து பார்த்தால்தான் சில கணக்குகள் பிடிபடும். எட்டடிப் பலகை ஒன்றை மேசை ரம்பத்தில் நீளவாக்கில் அறுக்க வேண்டுமென்றால், பலகை உள்ளே செல்வதற்கு முன்பக்கம் எட்டடியும், அறுபட்டு வெளிவருவதற்குப் பின்பக்கம் எட்டடியும் தேவை. ஆகப் பதினாறு அடி. உங்கள் பட்டறையின் நீளமோ பன்னிரண்டுதான். ரம்பத்துக்கு நேரே வாசலை வைத்துவிட்டால், அறுபட்ட பலகை தோட்டத்துக்குள் நீண்டுகொள்ளும். வாசல் எங்கே வரும் என்பதைக் கம்பம் நிறுத்துவதற்கு முன்புதானே மாற்ற முடியும்? அந்த அவசர ஞாயிற்றில் இதை யோசித்திருப்பீர்களா என்று கேட்டுப் பாருங்கள்.

வெயில் எந்த நேரத்தில் எந்தப் பக்கம் விழுகிறது என்பதையும் கவனித்து வையுங்கள். வடக்குச் சன்னலில் நேர் வெயில் படாது, மரத்தில் கீறிய கோடு நிழலடிக்காமல் தெரியும் என்பது பொதுவாக உண்மைதான். ஆனால் நம் பக்கத்தில் ஏப்ரல் பிற்பாதியிலிருந்து ஆகஸ்ட் வரை நண்பகலில் சூரியன் வடக்கே சாய்ந்திருப்பதால், அந்த மாதங்களுக்காகச் சன்னலின் மேல் ஒன்றரை அடித் தாழ்வாரம் இறக்குவது நல்லது.

கேள்வி: முழு நாளும் சும்மா இருக்க மனம் ஒப்பவில்லை. உளிகளையாவது தீட்டி வைக்கலாமா? (அதே வாசகர்)

பதில்: தாராளமாக. முனைச் சரிவு 25 பாகை இருக்கட்டும். கடைசியாக 30 பாகையில் கல்லில் நாலைந்து இழுப்பு இழுங்கள். பின்புறத்தைத் தட்டையாகவே வைத்துத் தேய்த்து, தீட்டும்போது முனையில் எழும்பிய பிசிறு நீங்கிவிட்டதா என்று விரலால் தடவிப் பாருங்கள். இரண்டு உளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பகல் சாப்பாட்டுக்குப் பின் தூக்கத்துக்கும் நேரம் வேண்டும்.